‘ஏன் இந்த இரண்டு?’ – ஒப்பிலக்கியம் படித்த அனுபவம்

முதுகலையில் ஒப்பிலக்கியம் (வெவ்வேறு மொழி இலக்கியங்களை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் துறை) எடுக்கலாமா என்று கேட்டு அவ்வப்போது யாராவது போன் செய்கிறார்கள். பெரும்பாலும் தமிழோ ஆங்கிலமோ பி.ஏ. முடிக்கப்போகிற பிள்ளைகள், சில சமயம் அவர்களுடைய அப்பாக்கள். பிள்ளைகள் சிலபஸைப் பற்றிக் கேட்பார்கள், அப்பாக்கள் வேலையைப் பற்றி. இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அந்த இரண்டு வருடம் உருப்படியாகப் போகுமா, வீணாகுமா என்பது இரண்டையும் பொறுத்ததல்ல. எதை எதோடு வைத்துப் படிப்பது, எதற்காக அப்படி வைப்பது என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். வேலை விஷயம் கடைசியில் வரும், அப்பாக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

நான் படித்தது கொல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில். இந்தியாவில் ஒப்பிலக்கியத்துக்கென்று முதன்முதலில் தனித்துறை வந்த இடம் அது. 1956-ல் கவிஞர் புத்ததேவ போஸ் தொடங்கினார். காளிதாசனின் மேகதூதத்தையும் பிரெஞ்சுக் கவி போத்லேரையும் வங்காளத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். அப்படிப்பட்டவர் போட்ட பாடத்திட்டம் எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1907-ல், ஒப்பிலக்கியம் பற்றிப் பேச வேண்டும் என்று தாகூரை அதே ஊரில் அழைத்திருக்கிறார்கள். ‘விஸ்வ சாகித்யம்’ என்று அவர் பேசினார். அழைத்தது தேசியக் கல்விக் கழகம். அதன் வழியில் வந்ததுதான் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம்.

இளங்கலையில் நான் தமிழ். நுழைவுத் தேர்வில் மனப்பாடத்துக்கு வேலை குறைவு; ஒரு பகுதியைக் கொடுத்து, அதைப் படித்து உனக்கு என்ன தோன்றுகிறது எழுது என்கிற மாதிரிதான் கேள்விகள். செய்யுளைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்கத் தமிழ்த் துறை என்னைப் பழக்கியிருந்தது. அந்தப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்த பலருக்குக் கோட்பாட்டுப் பெயர்கள் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பத்து வரிக் கவிதையோடு ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் நெளிந்தார்கள். தமிழ் படித்த பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்வேன்: உரையாசிரியர்களோடு மல்லுக்கட்டிய பழக்கம் உங்கள் கைமுதல். அதைக் குறைவாக நினைத்து ஒளித்து வைக்க வேண்டாம்.

ஆங்கிலம்தான் கஷ்டம். வாசிப்புப் பட்டியல் நீளமானது. ஹோமர், காளிதாசன் தொடங்கி லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா வரை போகும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அதே வேகத்தில் படிக்க என்னால் ஆகவில்லை. அதனால் தமிழில் வந்திருக்கும் மொழிபெயர்ப்புகளைத் தேடி முதலில் படித்தேன். க.நா.சு. ஒருவரே நார்வே, ஸ்வீடன் எழுத்தாளர்களான நட் ஹாம்சனையும் லாகர்க்விஸ்டையும் செல்மா லாகர்லெவ்வையும் நமக்குக் கொடுத்திருக்கிறார். தமிழில் ஒரு முறை ஓட்டிவிட்டு ஆங்கிலத்துக்குப் போனால் கதை ஏற்கெனவே தெரியும்; கவனமெல்லாம் எப்படிச் சொல்லியிருக்கிறது என்பதில் போகும். இதைக் குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். கட்டுரையில் எந்தப் பதிப்பை வைத்து எழுதுகிறோம் என்று ஒழுங்காகக் குறிப்பிட்டால் போதும்.

இன்னொரு விஷயம், கோட்பாட்டு நூலை முதலில் திறக்காதீர்கள். மூலத்தைப் படித்து, நமக்கென்று ஒரு பக்கமாவது கிறுக்கி வைத்த பிறகுதான் அந்தப் பக்கம் போக வேண்டும். தலைகீழாகச் செய்தால் மூலத்தில் கண்ணுக்குப் படுவதெல்லாம் அந்தக் கோட்பாட்டாளர் சொன்னதாகவே இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வகுப்பில் யார் கட்டுரை வாசித்தாலும் முதலில் வரும் கேள்வி, “ஏன் இந்த இரண்டு?” என்பதுதான். ஆசிரியர் கேட்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் கேட்பார். (ஆசிரியர்களைப் பெயரோடு ‘தா’, ‘தி’ சேர்த்து அண்ணன், அக்காவாகவே கூப்பிடுவார்கள். ஐயா, அம்மா என்று பழகிய என் நாக்கு அதற்கு வளைய ரொம்ப நாள் ஆயிற்று.) இரண்டிலும் காதல் இருக்கிறது, இரண்டிலும் இயற்கை வருகிறது, இரண்டிலும் பெண் துன்பப்படுகிறாள் என்று சொன்னால், “சரி, அதனால் என்ன?” என்று அடுத்த கேள்வி வரும். ஒற்றுமை ஐந்து, வேற்றுமை ஐந்து என்று அட்டவணை போடும் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியோடு உட்கார்ந்துவிடும்.

நம் ஊரில் இந்த அட்டவணைக்கு ஒரு சகோதரனும் உண்டு: யார் உயர்ந்தவர் என்கிற பட்டிமன்றம். வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமர், வெர்ஜில், மில்டன் வரிசையில் வைத்து ஆங்கிலத்தில் எழுதினார். வெள்ளைக்காரன் காலத்தில், எங்களிடமும் காவியம் இருக்கிறது என்று சொல்ல அது தேவைப்பட்டது. இன்று படித்தாலும் அவருடைய ரசனை பிரமிக்க வைக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரு எம்.ஏ. கட்டுரை ‘கம்பனே சிறந்தவன்’ என்று முடிந்தால் அதில் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

ஈழத்து விமர்சகர் க. கைலாசபதி செய்தது வேறு மாதிரி. பர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார்; நூல் 1968-ல் ஆங்கிலத்தில் வந்தது. சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரப் பாடல்கள் முதலானவற்றோடு அவர் வைத்துப் பார்த்ததற்குப் பின்னால் ஒரு கேள்வி இருந்தது: இவை பாணர்கள் வாய்மொழியாகப் புனைந்த மரபின் பாட்டுகளா? அவருடைய விடையை ஒப்புக்கொள்ளாதவர்கள் பலர் உண்டு. எனக்கும் அகப்பாடல்கள் விஷயத்தில் தயக்கம் இருக்கிறது. ஆனால் கேள்வி இருந்ததால்தான் ஒப்பீடு நகர்ந்தது. அடுத்த வருடமே தமிழில் ‘ஒப்பியல் இலக்கியம்’ எழுதினார். தமிழ் வழியில் வருகிறவர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டிய புத்தகம் அது.

என்னுடைய கட்டுரை ஒன்றையே உதாரணமாகச் சொல்கிறேன்.

காதா சப்தசதி என்று மகாராட்டிரி பிராகிருதத்தில் ஒரு தொகை நூல். சாதவாகன அரசன் ஹாலன் தொகுத்ததாகச் சொல்வார்கள். எழுநூறு சின்னப் பாடல்கள். அதில் ஒரு பெண் தன் வீட்டில் இரவு தங்க வந்த வழிப்போக்கனிடம் பேசுகிறாள். மாமியார் இங்கே படுப்பாள், நான் இங்கே. பொழுது இருக்கும்போதே பார்த்து வைத்துக்கொள், மாலைக்கண் உள்ளவனே, ராத்திரியில் எங்கள் படுக்கையில் வந்து விழுந்துவிடாதே என்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்து ஆனந்தவர்த்தனர், கவிதையின் உயிர் குறிப்பால் உணர்த்தும் பொருளே என்கிற தம் தொனிக் கொள்கைக்கு இதை எடுத்துக்காட்டாக வைத்தார். சொல் ‘வராதே’ என்கிறது, பொருள் ‘வா’ என்கிறது.

இதைப் படித்த உடனே எனக்குக் கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாட்டு ஞாபகம் வந்தது. தமிழ் படித்த யாருக்கும் வரும். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் கலைத்து, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய அந்தச் ‘சிறுபட்டி’ (அடங்காத பயல்) ஒரு நாள் வாசலில் வந்து நின்று குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அம்மா பொற்கலத்தில் தண்ணீர் கொடுத்து மகளை அனுப்புகிறாள். அவன் அவளுடைய முன்கையைப் பிடிக்கிறான். “அம்மா, இவன் செய்ததைப் பார்” என்று இவள் கத்த, அம்மா அலறிக்கொண்டு வர, இவள் சட்டென்று ‘உண்ணுநீர் விக்கினான்’ என்று மாற்றிவிடுகிறாள். அம்மா அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைக் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான், அந்தக் கள்வன் மகன்.

வீடு, மூத்த பெண், ஒரு சாக்கோடு வரும் ஆண், இளம்பெண்ணின் சமயோசிதப் பொய். நான்கு ஒற்றுமை கைக்கு வந்துவிட்டது. இங்கேயே நிறுத்தி, அங்கே மருமகள், இங்கே மகள், அது இரவு, இது பகல் என்று எழுதினால் ஒப்பிலக்கியக் கட்டுரை தயார். மதிப்பெண்ணும் ஓரளவு வரும்.

என் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவள் வங்காளி, சமஸ்கிருதம் படித்தவள். “உன் தமிழ்ப் பாட்டை இந்தப் பெண் யாரிடம் சொல்கிறாள்?” என்று கேட்டாள். தோழியிடம் என்றேன்; ‘சுடர்த்தொடீஇ கேளாய்’ என்றுதான் பாட்டே தொடங்குகிறது. “அப்படியானால் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது” என்றாள். கட்டுரை கிடைத்தது அந்த இடத்தில்தான்.

பிராகிருதப் பாட்டில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. அவள் பேசுவதே நிகழ்ச்சி. ஒரே பேச்சு இரண்டு காதில் விழுகிறது: மாமியாருக்கு அது மருமகளின் ஒழுக்கம், வழிப்போக்கனுக்கு அது படுக்கைக்கு வழி. நமக்கு யாரும் எதையும் விளக்குவதில்லை. பிடிபட்டால் நாம் வழிப்போக்கன், பிடிபடாவிட்டால் மாமியார். கலித்தொகையில் பொய் என்று முன்கூட்டியே தெரிந்துதான் கேட்கிறோம். ஏமாறுவது அம்மா மட்டும்தான். நாம் தோழியின் இடத்தில் உட்கார்ந்து ரகசியத்தில் பங்கு வாங்குகிறோம். முதலாவதில் ருசி கண்டுபிடிப்பதில், இரண்டாவதில் கூட்டுச் சேர்வதில். அப்புறம் கேள்விகள் தாமாக வரிசை கட்டின. ஆனந்தவர்த்தனர் கையில் இந்தக் கலிப்பாட்டு கிடைத்திருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்குமா? நம் மரபில் இன்னார் கூற்று என்று குறிப்பு எழுதி வைத்தார்கள். அங்கே யார் யாரிடம் சொன்னது என்பதையே உரைகாரர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாடு வாசகனை என்ன செய்கிறது?

உடனே, தமிழ் அகமரபு இப்படி, பிராகிருத மரபு அப்படி என்று பெரிய முடிவுக்குத் தாவத்தான் கை துறுதுறுக்கும். தாவக்கூடாது. காதா சப்தசதியிலும் தோழியிடம் சொல்லும் பாடல்கள் நிறைய உண்டு. தலைவியும் தோழியும் பேசுவது சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அப்பால் மறைவாக, நிற்கும் தலைவன் காதில் விழ வேண்டும் என்றே அமைந்த பாடல்கள் குறுந்தொகையில் எத்தனையோ. கட்டுரை அந்த இரண்டு பாட்டைப் பற்றித்தான். கேட்பவர் யார் என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான். சின்னதாக இருந்ததால்தான் முடிந்தது.

இப்படி ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு நூலைப் படிப்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் எரிக் அவர்பாஹின் ‘மிமெஸிஸ்’ நூலின் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். ஒடிசியஸின் காலைக் கழுவும் வயதான பணிப்பெண் தழும்பைத் தொட்டு அவனை அடையாளம் காணும் இடத்தையும், ஆபிரகாம் மகனைப் பலியிடக் கூட்டிப்போகும் விவிலியப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்றில் எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது, மற்றதில் சொல்லாமல் விட்டதே அதிகம். நாஜிகளால் வேலை இழந்து இஸ்தான்புல்லில் இருந்தபோது எழுதியது, 1946-ல் வெளிவந்தது. முழு நூலையும் படிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, அந்த ஒரு அத்தியாயத்தை இரண்டு தடவை படிக்கலாம்.

கட்டுரையை வாசித்தபோது நான் எதிர்பார்த்த சண்டையும் வந்தது. யார் யாரிடமிருந்து எடுத்தது? 1975-ல் ஜார்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், சங்கப் பாடல்கள், பிராகிருதப் பாடல்கள் இரண்டுமே தக்காணத்தில் நிலவிய பொதுவான மக்கள் மரபிலிருந்து வந்தவை என்றார். 2001-ல் ஹெர்மன் டீக்கன், சங்கப் பாடல்கள் மிகப் பிந்தியவை, பிராகிருத, சமஸ்கிருத மாதிரிகளைப் பார்த்து எழுதியவை என்றார். அதைக் கடுமையாக மறுத்தவர்கள் நிறைய. தமிழ்ப் பிள்ளை என்பதால் எனக்கு ரத்தம் சூடாவது இயல்புதான். ஆனால் ஒரு பருவக் கட்டுரையில் சங்ககாலத்தின் தேதியை நாம் தீர்த்து வைக்கப் போவதில்லை. இந்த விவாதம் இருக்கிறது, என் கேள்விக்கு அதன் விடை அவசியமில்லை என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

தாக்கம் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் சான்று உள்ள இடத்துக்குப் போவது நல்லது. பாரதி தன்னை ‘ஷெல்லிதாசன்’ என்று அழைத்துக்கொண்டார், விட்மனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அங்கே பிடித்துக்கொள்ளக் கயிறு இருக்கிறது. பழைய பிரெஞ்சு ஒப்பியலாளர்கள் இந்த மாதிரிச் சான்று இல்லாமல் வாய் திறக்க மாட்டார்கள். அது கணக்குப்பிள்ளை வேலையாகப் போய்விட்டது என்று 1958-ல் விமர்சகர் ரெனே வெல்லெக் கடுமையாகவே தாக்கினார். எனக்கு வெல்லெக் பக்கம்தான் சாய்வு. ஆனால் கணக்குப்பிள்ளை வேலை தெரியாதவர்கள் தாக்கம், தாக்கம் என்று எழுதுவதைப் பார்க்கும்போது பிரெஞ்சுக்காரர்கள்மேல் மரியாதை வந்துவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு நல்ல வயல், வேற்றுமொழி நூல்கள் தமிழில் எப்படி வரவேற்கப்பட்டன என்பது. கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் மராத்தி நாவலாசிரியர் காண்டேகர் தமிழ் எழுத்தாளர் போலவே கொண்டாடப்பட்டார். வங்காளத்திலிருந்து தாராசங்கரின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ த.நா. குமாரஸ்வாமி வழியாகவும், அதீன் பந்த்யோபாத்யாயவின் ‘நீலகண்ட பறவையைத் தேடி’ சு. கிருஷ்ணமூர்த்தி வழியாகவும் வந்தன. தமிழ் எழுத்தாளர்கள் பலர் இன்றும் விரும்பிச் சொல்கிற நாவல்கள். இதை நான் சொன்னபோது வங்காளி நண்பர்கள் வாயைப் பிளந்தார்கள். பதிலுக்கு ஒரு தமிழ் நாவல் பெயர் சொல்லச் சொன்னேன். வகுப்பில் பலருக்குத் தெரியவில்லை. போக்குவரத்து ஏன் ஒருவழியாக இருக்கிறது என்பதே ஒரு நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு. பழைய பத்திரிகைகள், பதிப்பாளர் முன்னுரைகள், வாசகர் கடிதங்கள் என்று சான்றுக்கும் பஞ்சமில்லை.

மூன்றாவது மொழி ஒன்று வேண்டும், அதில் சமரசம் கிடையாது. எந்த மொழி என்றால், நீங்கள் வாழும் ஊரின் மொழி. பிரெஞ்சு சான்றிதழ் வாங்கினால் கௌரவம்தான், ஆனால் பேச ஆள் இருக்காது. நான் வங்காளத்தை எழுத்துக்கூட்டிப் படித்தது குழந்தைகளுக்காகத் தாகூர் எழுதிய ‘சஹஜ் பாட்’டில், நந்தலால் போஸின் படங்களோடு இருக்கும், சலிக்காது. அப்புறம் தமிழில் ஏற்கெனவே படித்திருந்த ‘ஆரோக்கிய நிகேதன’த்தின் மூலத்தை வாங்கி, இரண்டையும் அருகருகே விரித்துக்கொண்டு அரைப் பக்கம் அரைப் பக்கமாக நகர்ந்தேன். மெஸ்ஸில் பரிமாறும் தீதி என் உச்சரிப்பைத் திருத்தியது அகராதியைவிட உதவியது. (சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மீன் சாப்பிடப் பழகிக்கொண்டால் சொர்க்கம். இல்லையென்றால் லேக் மார்க்கெட் பக்கம் போங்கள், இட்லி, கறிவேப்பிலை, ஃபில்டர் காபி எல்லாம் உண்டு.)

சரி, வேலை. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முனைவர் பட்ட ஆய்வுக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. எம்.ஃபில். படிப்பை 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திவிட்டதால் எம்.ஏ. முடித்ததும் நேராகப் பி.எச்டி.தான். அதனால் முதுகலை ஆய்வேட்டைச் சம்பிரதாயமாக முடிக்காமல் பி.எச்டி. முன்மொழிவுக்கு ஒத்திகையாக எழுதுவது புத்திசாலித்தனம்.

சிக்கல் கல்லூரி வேலையில். நம் ஊர்க் கல்லூரிகளில் பெரும்பாலும் தமிழ்த் துறை, ஆங்கிலத் துறை என்றுதான் இடம் காலியாகும். ஒரு கல்லூரி நேர்காணலில் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க தமிழா, இங்கிலீஷா? ஒண்ணு சொல்லுங்க” என்றார் ஒருவர். இரண்டையும் சேர்த்துத்தான் சார் என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார், வேலை கிடைக்கவில்லை. அதன் பிறகு தொலைநிலையில் ஆங்கிலம் எம்.ஏ. முடித்து, அதிலேயே நெட்டும் எழுதித் தேறினேன்; இன்று பாடம் நடத்துவது அந்தத் தகுதியில்தான். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் எம்.ஏ. முடிந்த கையோடு இதைச் செய்துவிடுங்கள், வருடங்களைத் தள்ளிப்போட வேண்டாம். ஒவ்வொரு விளம்பரத்திலும் ‘தொடர்புடைய பாடம்’ என்ற வரியை நிதானமாகப் படித்து, சந்தேகம் இருந்தால் விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

என்னோடு படித்தவர்களில் பதிப்பகத்துக்குப் போனவர்கள், சப்டைட்டில் எழுதுகிறவர்கள், பள்ளியில் கற்பிப்பவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. மொழிபெயர்ப்பில் மட்டும் வயிறு வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சம்பளத்தோடு இன்னொரு வேலை இருக்கட்டும். நான் பகலில் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன், ராத்திரியில் வங்காளத்திலிருந்து ஒரு நாவலை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளர் முன்பணம் தந்திருக்கிறார், கெடுவும் சொல்லியிருக்கிறார். கெடு நெருங்கிவிட்டது, அதனால் போன் செய்கிறவர்கள் இந்த மாதம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.